புதுப் போனில் சார்ஜ் நிற்கவில்லையா? மூன்று இரவு அளந்து பாருங்கள்

புதுப் போன் வாங்கி நாலு நாள்கூட ஆகியிருக்காது. காலையில் 100 இருந்தது, மதியச் சாப்பாட்டுக்குள் 40க்கு வந்துவிட்டது என்று புலம்பல் தொடங்கும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். லொகேஷனை ஆஃப் பண்ணு, புளூடூத்தை ஆஃப் பண்ணு, 5ஜி வேண்டாம், சிங்க் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் சார்ஜ் கொஞ்சம் கூடுதலாக நிற்கத்தான் செய்யும். ஆனால் எது சார்ஜைத் தின்றது என்பது கடைசிவரை தெரியாது. காசு கொடுத்து வாங்கிய வசதியில் பாதி முடங்கிக் கிடக்கும். பேட்டரியே பழுதாக இருந்தால் அதுவும் இந்த வைத்தியத்தில் மறைந்துபோய், கடைக்காரர் மாற்றித்தரும் கெடுவும் தாண்டிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். சார்ஜ் இறங்குவது திரை அணைந்து போன் சும்மா கிடக்கும்போதா, திரை எரியும்போதா? இரண்டும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

கணக்கு எளிது. 5000 எம்ஏஎச் பேட்டரியில் 1 சதவீதம் என்பது 50 எம்ஏஎச். இரவு 10 மணிக்கு 100, காலை 6 மணிக்கு 84 என்றால் 8 மணி நேரத்தில் 800 எம்ஏஎச் போயிருக்கிறது. அதாவது விடிய விடிய சராசரியாக 100 மில்லியாம்ப் இழுத்திருக்கிறது. நன்றாகத் தூங்கும் போன் இவ்வளவு இழுக்காது. சிம்மும் வைஃபையும் இயங்கும் நிலையில் மணிக்கு அரை சதவீதம், ஓர் இரவுக்கு நாலைந்து சதவீதம் இறங்கினால் கவலை வேண்டாம். மணிக்கு 1 சதவீதத்தைத் தாண்டினால் தேட வேண்டும்.

அளப்பதற்கு முன் முதல் இரண்டு நாளை விட்டுவிடுங்கள். பழைய போனிலிருந்து கொண்டுவந்த ஆப்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான போட்டோக்களை முகம் பார்த்துப் பிரிக்கும் வேலை நடக்கும். தேடலுக்கான பட்டியல் தயாராகும். ஆப்களைப் போனின் சிப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதும் வேலையும் உண்டு. இவற்றில் பலவும் போன் சார்ஜரில் இருந்து, திரை அணைந்து, யாரும் தொடாமல் கிடந்தால்தான் ஓடும்படி அமைக்கப்பட்டவை. அதனால் முதல் இரண்டு இரவும் வைஃபையோடு சார்ஜரிலேயே போட்டு வையுங்கள். படுக்கும்முன் சார்ஜரைக் கழற்றிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேலைகள் இழுத்துக்கொண்டே போகும். போனுக்கு வந்திருக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் அத்தனையையும் இந்த இரண்டு நாளிலேயே போட்டு முடியுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இதே வேலைகளில் சில மறுபடி நடக்கும் என்பதால், அளந்துகொண்டிருக்கும்போது நடுவில் அப்டேட் போடக் கூடாது.

மூன்றாம் நாள் முதல் சோதனை. தினமும் முழுச் சார்ஜ் ஏற்றி, கழற்றிக் கால் மணி நேரம் கழித்து எத்தனை சதவீதம் என்று எழுதி வையுங்கள். 100 என்ற எண் கழற்றியவுடன் சிறிது நேரம் அசையாமல் நிற்பது உண்டு. இரவு 8 மணி நேரம் தொடக் கூடாது.

முதல் இரவு, ஏரோப்ளேன் மோட். வைஃபையும் புளூடூத்தும் ஆஃப் ஆகியிருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள், சில போன்களில் அவை ஆனிலேயே இருக்கும். வீட்டில் வயதானவர்கள், நோயாளிகள் இருந்தால் அவசர அழைப்புக்கு வேறு போனைத் தயாராக வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். காலையில் 1 அல்லது 2 சதவீதம்தான் குறைந்திருக்க வேண்டும்.

இரண்டாம் இரவு, ஏரோப்ளேன் மோட் அப்படியே, வைஃபை மட்டும் ஆன். முதல் இரவைவிட மூன்று நாலு மடங்கு இறங்கியிருந்தால் ஏதோ ஓர் ஆப் நெட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது.

மூன்றாம் இரவு, வைஃபை ஆஃப், சிம்மும் மொபைல் டேட்டாவும் ஆன். இங்கே மட்டும் எகிறினால் சந்தேகத்தை டவர் பக்கம் திருப்புங்கள்.

மாற்றித்தரும் கெடு ஒரு வாரம்தான் என்று பில்லில் இருந்தால், மற்ற இரண்டையும் தள்ளிப் போட்டாலும் ஏரோப்ளேன் மோட் இரவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். டவர், நெட் எதுவுமே இல்லாத அந்த இரவுதான் போனின் உடம்பைக் காட்டும்.

டவர் செய்யும் வேலை

நம்மூரில் புதுப் போன்களின் சார்ஜ் புகார்களில் டவரைத்தான் குறைவாகச் சந்தேகிக்கிறார்கள் என்பது என் எண்ணம். செல்போன் என்பது கேட்கும் கருவி மட்டும் இல்லை, டவருக்குத் திரும்பப் பேசும் கருவியும்தான். டவர் தூரத்தில் இருந்தால், அல்லது நடுவில் கான்கிரீட் சுவர் நின்றால், போன் குரலை உயர்த்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் வரை அனுப்பலாம். சிக்னல் 10 டெசிபெல் குறைந்தால் அதே வேலைக்கு 10 மடங்கு சக்தியில் அனுப்ப வேண்டும். 200 மில்லிவாட் வெளியே போக, பேட்டரியிலிருந்து அதைப் போலப் பல மடங்கு இழுக்கப்படும். மீதி சூடாகப் போகும். வீட்டின் ஒரு மூலையில் மட்டும் போன் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செட்டிங்ஸில் அபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம்மில் இருக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் பேடில் *#*#4636#*#* என்று அடித்தாலும் தெரியும். 4ஜியில் மைனஸ் 85, மைனஸ் 95 என்றால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டி 115, 118 என்று நின்றால் போன் திணறுகிறது என்று பொருள். மைனஸ் என்பதால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம். போன் அதிக நேரம் கிடக்கும் இடங்களில் பாருங்கள்: தலைமாட்டில், ஆபீஸ் மேசையில், கடையின் கல்லாப் பக்கத்தில்.

5ஜியை ஒரேயடியாக ஆஃப் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல சிக்னலில் 5ஜி தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அமைதியாகிவிடும். தொல்லை கொடுப்பது ஓரச் சிக்னல். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவை பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம்பியிருக்கிறது. அது சுவரைத் துளைத்து உள்ளே வருவதில் பலவீனமானது. ஜன்னலோரம் 5ஜி, கட்டிலில் 4ஜி என்று போன் மாறி மாறித் தாவும். 4ஜியோடு சேர்த்து இயங்கும் வகை 5ஜி என்றால் இரண்டு இணைப்பையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் மொபைல் நெட்வொர்க், ப்ரிஃபர்ட் நெட்வொர்க் டைப் என்பதில் 4ஜியைத் தேர்ந்தெடுத்து ஓர் இரவு அளந்து பாருங்கள். சார்ஜ் முன்பைவிடக் குறைவாக இறங்கினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 5ஜிக்கே திரும்பிவிடுங்கள்.

இரண்டாவது சிம்மையும் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்து சேவை நின்றுபோன சிம், அல்லது அந்த ஊரில் டவரே எடுக்காத சிம் உள்ளே கிடந்தால், போன் அதற்காக அலைவரிசை அலைவரிசையாகத் தேடிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் அந்தச் சிம்மை ஆஃப் செய்தால் போதும், கழற்ற வேண்டியதில்லை. கட்டடத்தில் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வழி: ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையை ஆன் செய்து, வைஃபை வழியாகவே அழைப்பு வரச் செய்யும் வைஃபை காலிங்கையும் ஆன் செய்து வையுங்கள். உங்கள் நெட்வொர்க்கும் போனும் அதற்கு இடம் கொடுத்தால் அழைப்பு வரும், சார்ஜும் நிற்கும்.

தூங்கவிடாத ஆப்

இரண்டாம் இரவில் மாட்டினால் செட்டிங்ஸில் பேட்டரி யூசேஜ் பக்கத்தைத் திறங்கள். முதலில் வரைபடம். இரவு முழுக்கச் சீராகச் சரிந்தால் ஏதோ ஒன்று விடாமல் ஓடியிருக்கிறது. தட்டையாகப் போய் 2 மணிக்கு ஒரு படி இறங்கினால் அது குறித்த நேர வேலை. வாட்ஸ்அப் தினசரி பேக்கப்பை அதிகாலை 2 மணிக்குத்தான் எடுக்கும். அந்தப் படியால் பாதகமில்லை.

அடுத்து ஆப்களின் பட்டியல். இங்கே பலரும் ஏமாறுவது சதவீதத்தைப் பார்த்து. பல போன்களில் அது செலவான சார்ஜில் ஒவ்வோர் ஆப்பின் பங்கு மட்டுமே. மொத்தம் 5 சதவீதம் செலவான இரவில் ஓர் ஆப்புக்கு 40 சதவீதம் என்று காட்டினால், அது தின்றது மொத்தப் பேட்டரியில் வெறும் 2 சதவீதம். அதைவிட நேரத்தைப் பாருங்கள். திரையில் 4 நிமிடம், பின்னணியில் 6 மணி நேரம் என்று ஒரு ஷாப்பிங் ஆப் காட்டினால், அதுதான் ஆள். ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோவில் பேட்டரியைத் தட்டினால், ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகான பல போன்களில் அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட் என்று மூன்று இருக்கும். ரெஸ்ட்ரிக்டட் போடுங்கள். வாட்ஸ்அப், அலாரம், சர்க்கரை அளக்கும் கருவியோடு இணைந்த ஆப் போன்றவற்றுக்கு இதைச் செய்யாதீர்கள். செய்தி தாமதமாக வரும், சில நேரம் வராமலே போகும்.

கூகுள் பிளே சர்வீசஸ் முதலிடத்தில் நின்றால் அதை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்து பயனில்லை, மறுபடி எழுந்துகொள்ளும். அது மற்ற ஆப்களுக்காக இடம் கண்டுபிடிப்பது, சிங்க் செய்வது போன்ற வேலைகளைச் செய்கிறது. யார் கேட்டு அது ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் லொகேஷனைத் திறந்தால் அண்மையில் இருப்பிடம் கேட்ட ஆப்களின் பட்டியல் இருக்கும். எப்போதும் அனுமதி என்று இருப்பவற்றை, ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அக்கவுண்ட்ஸில் சிங்க் ஏதாவது முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா பாருங்கள். அந்த அக்கவுண்ட்டை நீக்கி மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

பேட்டரியைக் காப்பதாகச் சொல்லும் கிளீனர் ஆப்களை நீக்கிவிடுங்கள். அவையே பின்னணியில் ஓடுபவை. அண்மையில் திறந்த ஆப்களைக் காட்டும் ரீசன்ட்ஸ் பட்டியலில் இருப்பவற்றை ஓயாமல் தள்ளி மூடுவதும் வேண்டாத வேலை. அடிக்கடி திறக்கும் ஆப்பை மூடினால் அடுத்த முறை முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும், அதற்குத்தான் சார்ஜ் கூடுதலாகப் போகும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் அடாப்டிவ் பேட்டரி இருக்கிறது. நீங்கள் எதை அடிக்கடி திறக்கிறீர்கள் என்று அது கற்றுக்கொண்டு மற்றதை ஒடுக்கும். அதற்குச் சில நாள் பிடிக்கும்.

திரை எரியும்போது

இரவில் ஒன்றும் இறங்கவில்லை, பகலில்தான் கரைகிறது என்றால் அது திரையும் உங்கள் பயன்பாடும். மணிக்கு 8 முதல் 12 சதவீதம் என்பது சாதாரணம். வைஃபையில் வீடியோ என்றால் அதைவிடக் குறையும், கேம் என்றால் 20ஐத் தொடும். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவை 120 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு மாற்றினால் வித்தியாசம் தெரியும். டார்க் மோட் பற்றி எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021இல் பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் வகைத் திரைகளை வைத்து அளந்தார்கள். வெளிச்சம் 100 சதவீதத்தில் இருக்கும்போது டார்க் மோட் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சப்படுத்தியது. வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தால் 3 முதல் 9 சதவீதம்தான். வெயிலில் நிற்கும் டெலிவரி வேலைக்காரருக்கு அது பெரிய உதவி, வீட்டுக்குள் இருப்பவருக்கு அவ்வளவு இல்லை. எல்சிடி திரை என்றால் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பலனே கிடையாது.

முதல் இரவிலேயே, ஏரோப்ளேன் மோடில், 8 அல்லது 10 சதவீதம் இறங்கியதா? மறுநாள் அதே சோதனையைச் சேஃப் மோடில் செய்யுங்கள். பல போன்களில் பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் கேட்கும். நீங்கள் போட்ட ஆப் எதுவும் அதில் ஓடாது. சார்ஜ் அவ்வளவு இறங்காவிட்டால் குற்றம் ஆப்பில், ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடிக்கலாம். அதே அளவு இறங்கினால் ஃபேக்டரி ரீசெட் (போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்குவது) செய்து, பழைய பேக்கப்பைக் கொண்டுவராமல் வெறும் போனாக ஓர் இரவு விடுங்கள். அதிலும் அதே அளவு இறங்கினால் பேட்டரியிலோ போர்டிலோ கோளாறு. கேமராவைத் திறந்ததும் 30இலிருந்து 12க்குக் குதிப்பது, 15இல் திடீரென அணைவது, சும்மா கிடக்கும்போது சுடுவது எல்லாம் இதே பக்கம்தான் கைகாட்டும். அளவு காட்டும் மானி குழம்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு முறை தானாக அணையும்வரை ஓட்டி, இடைவிடாமல் 100 வரை ஏற்றிப் பாருங்கள். ஒரு முறை போதும். வாரம்தோறும் பூஜ்யத்துக்கு இறக்குவது லித்தியம் பேட்டரிக்குக் கெடுதல். பின்பக்க மூடி உப்பினால் சோதனை எதுவும் வேண்டாம், சார்ஜ் ஏற்றாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு அல்லது இறக்குமதி மாதத்தையும் பாருங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் ஐபோன் 15 முதலும் சார்ஜ் சைக்கிள் எண்ணிக்கை, அதாவது முழுப் பேட்டரி அளவுக்கு எத்தனை முறை சார்ஜ் செலவாகியிருக்கிறது என்பது, செட்டிங்ஸிலேயே தெரியும். நேற்று வாங்கிய போனில் 40 என்று காட்டினால் அது புதுப் போன் இல்லை.

சர்வீஸ் சென்டரில் சார்ஜ் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னால் சாஃப்ட்வேர் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஏரோப்ளேன் மோடில், சேஃப் மோடில், 8 மணி நேரத்தில் 11 சதவீதம் என்று சொல்லி, வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு போனில் காட்டுங்கள். பழுதைப் பதிந்து தரும் ஜாப் ஷீட்டில் அந்த எண்ணையே எழுதச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் பேட்டரிக்குத் தனியாகக் குறைந்த காலம் போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். சரி செய்து தந்தபின், அன்றிரவே மறுபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு அளந்து, இரண்டு எண்ணையும் ஜாப் ஷீட்டோடு சேர்த்து வைத்திருங்கள்.