சுமைக்காரர் கூலிக் கணக்கைத் தேடிப் போன கதை

பாஸ்போர்ட் போதும் என்றுதான், லண்டன் மிஷனரி சங்கத்தின் பழைய கடிதங்களை வைத்திருக்கும் ஆவணக் காப்பகத்தின் விண்ணப்பத்தில் போட்டிருந்தது. இங்கிலாந்து வரை போய் வரவேற்பு மேசையில் நின்றால், முகவரிச் சான்று இல்லாமல் வாசகர் அட்டை கிடையாது என்கிறார்கள். நண்பர் வீட்டில் தங்கியிருப்பவன் கரண்ட் பில்லுக்கு எங்கே போவது? ஊரிலிருந்து வங்கி அறிக்கையை மெயிலில் வரவழைத்துக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். ஒரு நாள் வீண். போகிறவர்கள் அதைக் கையோடு பிரிண்ட் எடுத்துப் போங்கள்.

கடிதப் பெட்டிகள் சிக்கலின்றி வந்தன. ஒரு பக்கத்து மை மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய தாள்கள். எனக்கு வேண்டியது, லண்டன் மிஷனரி சங்கத்தார் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தாங்கனிக்கா ஏரிக்குப் போன பயணம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மாட்டுவண்டிப் பயணம் பழகிய மிஷனரி ரோஜர் பிரைஸ், 1876இல் கடற்கரை ஊரான சடானியிலிருந்து உள்நாட்டு ம்ப்வாப்வா வரை மாடுகளை ஓட்டிப் பார்த்தார், தாக்குப்பிடித்தன. அதை நம்பி 1877இல் வண்டி கட்டிக் கிளம்பினார்கள். செட்சி ஈ கடித்து மாடுகள் செத்து விழுந்தன. அப்புறம் எல்லாம் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான். ஏரிக்கரை ஊரான உஜிஜி போய்ச் சேர 1878 ஆகஸ்ட் ஆகிவிட்டது.

மாடுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், ஆளுக்கு 30 கிலோ போலச் சுமந்து நடந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்லவே மாட்டார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் வேண்டும். மேசையில் கேட்டால், “ஆப்பிரிக்கா பட்டியலில் அப்படி எதுவும் இல்லை” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில். பெட்டி எடுத்து வரும் பெரியவர்தான் நின்று கேட்டுவிட்டு, “சங்கத் தலைமையகத்து நிதிப் பிரிவின் பட்டியலில் தேடிப் பாருங்கள்” என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்!

இருந்தது. மெரிகானி என்ற அமெரிக்கப் பருத்தித் துணி, பாசிமணி, பித்தளைக் கம்பி என்று வரிவரியாக. அந்த வழியில் பணமே இவைதான். ஆட்களின் சாப்பாட்டுப் படி இதில்தான். வழியிலிருந்த உகோகோ பகுதியில், கடந்து போகத் தலைவர்களுக்குக் கட்டிய ஹொங்கோ வரியும் இதில்தான். கடிதங்களில் காணாத மனிதர்கள் செலவுக் கணக்கில் இருக்கிறார்கள். அதனால் ‘இல்லை’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். நிதிப் பட்டியலையும் கேளுங்கள்.

போட்டோவுக்குத் தனிச் சீட்டு உண்டு. காலையிலேயே வாங்கிவிடுங்கள், மதியத்துக்கு மேல் அந்த மேசையில் ஆள் இருப்பதில்லை.