முத்துப்பட்டனைக் குறும்படமாக்கிய அனுபவம்

வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையை எடுக்கலாம் என்று முடிவானதும் முதலில் இடித்தது இரண்டு கல்யாணம். பிராமண இளைஞன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். வில்லுப்பாட்டில் கேட்டால் உறுத்தாது. இன்றைய திருநெல்வேலியில் நடப்பதாக எழுதினால் சிரிப்பார்கள். எனவே பொம்மக்காவுக்கு மட்டும் கல்யாணம். திம்மக்கா வில்லடித்துக் கதை சொல்பவள்.

பெரிய தலைவலி வேறு. பாட்டின் சில வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முடிச்சு வரும். யாரோ பின்னால் போட்ட ஒட்டு என்றே எனக்குப் படுகிறது. 1956இல் வந்த ‘மதுரை வீரன்’ படத்திலும் நாயகன் அரச வீட்டில் பிறந்து, செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தவன்தானே! பணம் போட வந்தவருக்கு அந்த முடிச்சின் மேல்தான் கண். “அத மட்டும் வைங்க தம்பி, எல்லாருக்கும் பிடிக்கும்” என்றார். வைத்தால் முத்துப்பட்டன் எதைத் துறந்தான்? அவர் விலகிக்கொண்டார். மாடு திருட வந்தவர்களோடு நடக்கும் சண்டைக் காட்சியும் அவரோடு போயிற்று.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். அங்கே பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்குக் காணிக்கை, தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த வருஷம் அடி தேய்ந்திருக்கும், அவர் போட்டு நடக்கிறார் என்கிறார்கள். படத்தின் மையம் அங்கேதான் கிடைத்தது. பாட்டில் பகடை, பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்து வா என்பார். எங்கள் பகடைக்குப் பேருந்து நிலையத்தில் கடை. “ஒரு வாரம் என் எடத்துல உக்காரும்” என்கிறார். மூன்றாம் நாள் பட்டனின் சித்தப்பாவே வார் அறுந்த செருப்போடு வந்து நிற்கிறார். வசனமே இல்லை, குத்தூசி, மெழுகு நூல், நிமிராத தலை. நடிகர் நிஜமாகவே தைக்கக் கற்றுக்கொண்டார், விரலெல்லாம் பொத்தல்.

முடிவுதான் கடைசிவரை இழுத்தது. பாட்டில் பட்டனைப் பின்னாலிருந்து குத்துவது ஒளிந்திருந்த மாட்டுத் திருடன். திம்மக்கா அதை அப்படியே பாடட்டும், திரையில் மட்டும் பட்டனுடைய அண்ணன்மாரின் கார் வந்து நிற்கட்டும் என்று எழுதினேன். எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த புலவர் கோபிப்பாரோ என்று தயக்கம். அவர் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணன்மாரு கல்லு ரூம்ல போட்டு அடைச்சதும் பாட்டுல இருக்குல்லா. அதையும் சேர்த்து எடும்.”

எடுத்தோம்.