இன்டிபெண்டன்ஸ்: ஆள் கொஞ்சம், கோர்ட்டு பெரிசு

இன்டிபெண்டன்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க நூற்று எண்பது டாலர்! ஏசி என்று ஜன்னலில் ஒன்று உறுமிக்கொண்டே இருந்தது, வெந்நீர் வருவதற்குள் பல் தேய்த்து முடித்துவிடலாம். "இந்தக் காசுக்கு லாஸ் ஏஞ்சலஸ்லயே நல்ல ரூம் கிடைச்சிருக்குமேங்க" என்றார் தங்கமணி. கோடையில் மலையேறிகள் இந்தப் பக்கம் மொய்ப்பதால் லாட்ஜ்காரர் வைத்ததுதான் விலை.

ஆனால் ஊர் பிடித்துவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் 395-ம் நெடுஞ்சாலையை ஒட்டிய இன்டிபெண்டன்ஸ், இன்யோ கவுண்டியின் தலைநகர். மாவட்டத் தலைநகர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2010 கணக்கெடுப்பில் மொத்தமே 669 பேர். கவுண்டியோ பத்தாயிரம் சதுர மைலுக்கு மேல்! 14,505 அடி விட்னி சிகரமும், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பேட்வாட்டர் பள்ளமும் இந்த ஒரே கவுண்டிக்குள். மெயின் ரோட்டில் திடீரென்று பெரிய தூண்களோடு வெள்ளை வெளேரென்று ஒரு கோர்ட்டு. 1921-இல் கட்டியது. முன்பிருந்த ஒன்று 1872 பூகம்பத்தில் விழுந்துவிட்டதாம். 1969-இல் கொலைக் கும்பல் தலைவன் சார்ல்ஸ் மான்சனைப் பிடித்துக் கொண்டுவந்து போட்டதும் இந்த ஊர் ஜெயிலில்தான்.

ஊர் ஏன் வளரவில்லை? தண்ணீர். லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் வந்து விவசாயிகளிடம் நிலத்தையும் நீர் உரிமையையும் வளைத்து வாங்கி, 1913-இல் 233 மைல் கால்வாய் வெட்டி முடித்து ஓவன்ஸ் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். பம்பே கிடையாது, எல்லாம் சரிவிலேயே ஓடுகிறது. என்ஜினியர் மூளையைப் பாராட்டலாம், ஆனால் கீழே ஓவன்ஸ் ஏரி வறண்டு புழுதியாகிவிட்டது. இன்றும் பள்ளத்தாக்கில் பெரும்பகுதி நிலம் அந்த நகரத்துக்குச் சொந்தம். வீடு கட்ட இடமில்லாமல் எந்த ஊர் வளரும்?

தெற்கே சில மைலில் மன்சனார். ஆப்பிள் தோட்டங்கள் இருந்த கிராமம், தண்ணீர் போனதும் காலியானது. 1942-இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, அமெரிக்க அரசாங்கத்தார் அதே இடத்தில் முள்வேலி போட்டு ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் பத்தாயிரம் பேரை அடைத்தார்கள். குற்றம், விசாரணை எதுவும் கிடையாது. மறுபடி கட்டிவைத்திருக்கும் கழிப்பறையில் பீங்கான்கள் வரிசையாக, நடுவில் ஒரு தடுப்புகூட இல்லாமல் இருக்கின்றன. தங்கமணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிட்டார். அடைபட்டவர்கள் பழைய தோட்டத்தின் பேரி மரங்களுக்குக் கவாத்து செய்து, தண்ணீர் பாய்ச்சிக் காய்க்க வைத்திருக்கிறார்கள். சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. வேறெதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள்.

சாப்பாடு? ராத்திரி எட்டு மணிக்கு ஊரே அடங்கிவிட்டது, சிப்ஸ்தான். மறுநாள் லோன் பைன் பக்கம் ஒரு மெக்சிகன் வண்டிக்கடை. கல்லில் வாட்டிய டார்ட்டியா ரொட்டி, மசித்த பீன்ஸ், தீயில் தோல் கருகச் சுட்ட பச்சை மிளகாய். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னொன்று வாங்கினேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது டாலருக்குள் முடிந்தது. பயணத்தில் கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

ரூட், செலவு எல்லாம் வரிசையாக எழுதுவதாக இருந்தேன், இடம் போய்விட்டது. இன்டிபெண்டன்ஸிலிருந்து ஆனியன் வேலி (Onion Valley) என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு 13 மைல் மலைரோடு, 9,200 அடிவரை கார் போகும், பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிருக்காமல் லோ கியரில் வாருங்கள். பெட்ரோல் மட்டும் வரும் வழியில் மொஹாவி ஊரிலேயே ரொப்பிவிடுங்கள், மேலே போகப் போக விலை எகிறுகிறது.