எட்டுக் கட்டம்

"டேய், மெயில் பெட்டி திறந்த உடனே மூடிக்குதுடா."

காலையிலேயே சித்தப்பா போன்.

அச்சகத்துக்குப் போய்ப் பார்த்தால், அவுட்லுக் வருகிறது, ஒரு நொடி நிற்கிறது, போய்விடுகிறது. ஆட்-இன் என்ற துணை நிரல்கள் எதுவும் இல்லாமல் சேஃப் மோடில் திறந்தேன். அப்போதும் அதே கதை. சரி, கோளாறு மெயில் சேமிக்கிற கோப்பில்தான்.

நேற்று மெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனதாம். யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம். (இதைக் கடைசியில்தான் சொன்னார்.)

பதினாலு வருட மெயிலும் ஒரே பிஎஸ்டி கோப்பில், 11 ஜிபி. நல்ல வேளை, 2 ஜிபி-யிலேயே மூச்சு முட்டும் அந்தப் பழைய வகை இல்லை. முதல் வேலையாக ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுத்தேன். ரிப்பேர் கருவி அசல் கோப்பிலேயே கை வைக்கும்; நகல் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஸ்கேன்பிஎஸ்டி என்ற அந்தக் கருவி எட்டுக் கட்டமாக ஓடும். கட்டத்துக்கு ஒரு டீ சொன்னார் சித்தப்பா.

எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று புரியாத மெயில்களை, முடிந்ததும் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற பெட்டியில் கொட்டியிருந்தது. மேலேயே ஒன்று, தலைப்புகூட இல்லாமல்:

"ப்ரூஃப் பார்த்தாச்சு. மங்களம் இல்லை, மங்கலம். மத்ததெல்லாம் சரி."

கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்திக் கொடுத்த தமிழ் வாத்தியார். அவர் போய் நாலு வருடம்.

இன்வாய்ஸை எல்லாம் வருடவாரியாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறோம். இது யாரும் தேடாமலே இத்தனை நாள் உள்ளே கிடந்திருக்கிறது.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை மட்டும் ஒரு பிரிண்ட் போடுடா."