ஹார்மோன் ஏறினால் மூளையும் வளரும்

வட அமெரிக்காவின் வெண்பட்டைத் தலைச் சிட்டுக்கு வசந்தத்தில் பகல் நீள்வதைச் சொல்வது கண் அல்ல. மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் விழும் ஒளி. அதைத் தொடர்ந்து விந்தகம் பருக்கும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும். பாட்டை நடத்தும் எச்விசி (HVC) என்ற மூளைப் பகுதியின் ஏற்பிகள் அதைப் பிடித்ததும், அங்கே சுமார் 1,00,000 நியூரான்கள் (நரம்பணுக்கள்) இருந்த இடத்தில் 1,70,000 ஆகிவிடும்! ஆய்வுக்காகப் பறவையின் உடலுக்குள் வைத்த ஹார்மோன் குளிகையை எடுத்துவிட்டு, நாளுக்கு 20 மணி நேர வெளிச்சத்தை 8 ஆகக் குறைத்துப் பாருங்கள்: 12 மணி நேரத்திலேயே எச்விசி ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டெஸ்டோஸ்டிரோனின் வேலையை நிறுத்த, அது நேரடியாகப் பற்றும் ஆண்ட்ரோஜன் ஏற்பியை மட்டும் மருந்தால் அடைத்தால் போதாது. அரோமட்டேஸ் நொதி மூளைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாற்றிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழி திறந்தே கிடக்கும். நொதியையும் சேர்த்தே தடுக்க வேண்டும்.