காசுக்கு விற்ற மேசை

புத்தகக் கடை வாசல் மேசையில் அடுக்கியிருப்பதை நம்பி வாங்குகிற ஆள் நான். இங்கிலாந்தில் நாடெங்கும் கிளைகள் கொண்ட புத்தகக் கடை நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸில் அந்த இடத்துக்குப் பதிப்பகங்கள் காசு கொடுத்துக்கொண்டிருந்தன என்று பிறகுதான் தெரிந்தது!

நாடு முழுக்க அத்தனை கிளைகளிலும் ஒரே அடுக்கு. விற்காதது மூட்டை கட்டித் திரும்பிப் போகும்.

2011இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட் அந்த வருமானத்தையே வேண்டாம் என்றார். நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தில் இதைச் செய்ய என்ன துணிச்சல் வேண்டும்! எந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது என்பதை அந்தந்த ஊர்க் கடைக்காரர்களிடமே விட்டார். சீரமைப்பில் மேலாளர்கள் பலர் வேலையும் இழந்தார்கள். அதை மறைத்துவிட்டுப் புகழ முடியாது.

2016இல் லாபம் வந்துவிட்டது. 2019இல் அமெரிக்காவின் புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிளின் நிர்வாகமும் அவர் கைக்கு வந்தது. அங்கே 600க்கும் மேற்பட்ட கடைகள். வைத்தியம் அதேதான்.