ஹுந்தர்மன் வீட்டுக் கடிதங்கள்

கார்கில் கடைத்தெருவிலிருந்து எல்லையோரக் கிராமமான ஹுந்தர்மனுக்குப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்குப் போக வர 2,500 ரூபாய் கேட்டு, நீண்ட பேரத்துக்குப் பின் 2,000 ரூபாய்க்கு இறங்கிவந்த டாக்சி ஓட்டுநர், ஊரை அடைந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கத் தனிக் கட்டணம் என்று புதிதாக ஒரு விதியைச் சொன்னபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாயைக் கடந்து வந்த இருநூறு கிலோமீட்டருக்கே பகிர்வு வண்டியில் அவ்வளவு செலவாகவில்லை.

பழைய ஊர் மலைச்சரிவில் அடுக்கிவைத்தாற்போன்ற கல்வீடுகளால் ஆனது. ஊரார் சற்றுத் தள்ளிக் குடியேறிவிட, ஒரு வீட்டை மட்டும் நினைவுகளின் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். குனியாமல் நுழைந்து, நிலையில் நன்றாக இடித்துக்கொண்டேன். உள்ளே பாகிஸ்தான் நாணயங்கள், பாத்திரங்கள், குண்டுச் சிதறல்கள். இவற்றோடு, எல்லைக்கு அப்பாலிருந்து உறவினர் எழுதிய கடிதங்கள்.

1947–48 போருக்குப் பின் பாகிஸ்தான் பக்கம் இருந்த இவ்வூர், 1971 டிசம்பர் போரில் இந்தியா வசமானது. அந்நேரம் பாகிஸ்தான் வசமுள்ள பால்டிஸ்தான் பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே தங்கிவிட நேர்ந்தது. ஒரே குடும்பம் இரு நாட்டுக் குடிமக்களாயிற்று.

மடிப்புகளில் நைந்து, ஓரம் பழுப்பேறியிருந்த ஒரு கடிதத்தின் முன் வெகுநேரம் நின்றேன். உருது படிக்கத் தெரியாத எனக்கு, அங்கிருந்த இளைஞர் இந்தியில் பொருள் சொன்னார். குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரார் குகைகளில் ஒளிந்த கதையை அவர் வாய்மொழியாகத்தான் கேட்டேன். கடிதத்தில் போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, நலம் விசாரிப்பும் பார்க்க முடியாத ஏக்கமுமே இருந்தன. இது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிரி நாட்டுக்கு எழுதும் கடிதத்தை வழியில் யாரேனும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று அஞ்சியே எழுதியவர் அப்படி அடக்கி வாசித்திருப்பார் என்பது என் ஊகம்.

பாகிஸ்தானிலிருந்து வரும் தபால்கள் அனைத்தையும் 2025 மே மாதம் இந்தியா நிறுத்திவைத்தது. இப்போது உறவினரோடு எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். இளைஞர் தம் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார், பிறகு சிக்னல் இல்லையென்று சிரித்தார்.

வெளியே வந்து, மலைகளுக்கு நடுவே தெரிந்த பாகிஸ்தான் பக்கத்து பிரோல்மோ கிராமத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் ஒலித்தது. காத்திருப்புக் கட்டணமாக மேலும் 300 ரூபாய் கொடுத்தேன், பேரம் பேசவில்லை.